மறுப்புக்கும் தேதி போடுங்கள்: ரோஹிங்கியா படுகொலை குறித்துத் தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், உதவி ஆசிரியர்களுக்கும், இரவுப் பணியில் ஏஜென்சி செய்தியைத் தமிழாக்கும் தோழர்களுக்கும்,

வணக்கம்.

கேளம்பாக்கத்தில் வாழும் அகதிகளைப் பற்றியோ, 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கிய படகைப் பற்றியோ, ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தைப் பற்றியோ தமிழில் செய்தி வரும்போது, கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் அடிக்கடி வந்து ஒட்டிக்கொள்கிறது: “இந்தக் குற்றச்சாட்டுகளை மியான்மர் அரசு மறுத்துள்ளது.” மறுத்தது உண்மைதான். எதை மறுத்தது, எந்தத் தேதியில் மறுத்தது, அந்த மறுப்பைச் சோதித்தவர்கள் என்ன கண்டார்கள் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. இடமில்லை என்று செய்தியை வெட்டும்போது எண்ணிக்கைகள் போய்விடுகின்றன, இந்த வாக்கியம் தங்கிவிடுகிறது. படிப்பவர் மனதில் இரண்டு தரப்பும் ஏதோ சொல்கின்றன என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றே. ரோஹிங்கியா முஸ்லிம்கள் மீது 2017இல் நடந்த படுகொலையைப் பற்றி வரும் மறுப்பையும் ஒரு தகவலாகவே நடத்துங்கள். மற்றத் தகவல்களைச் சரிபார்ப்பதுபோல் அதையும் சரிபார்த்த பிறகு அச்சேற்றுங்கள். அதற்கு வேண்டிய சான்றுகள் பொதுவெளியிலேயே இருக்கின்றன. எந்த மறுப்புக்கு எந்தச் சான்று என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் மறுக்கப்படுவது எது என்பதைச் சொல்லிவிடுகிறோம். 2017 ஆகஸ்ட் 25 அதிகாலை அர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு மியான்மரின் ராக்கைன் மாநிலத்தின் வடபகுதியில் சுமார் 30 காவல் சாவடிகளையும் ஒரு ராணுவ முகாமையும் தாக்கியது. பாதுகாப்புத் தரப்பில் 12 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. அன்றே ராணுவம் ‘துப்புரவு நடவடிக்கை’யைத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய 33ஆம், 99ஆம் இலகு காலாட்படைப் பிரிவுகள் தாக்குதலுக்கு முன்பே அம்மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. மவுங்டோ, புத்திடவுங், ரத்தேடவுங் வட்டங்களிலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்கு ஓடினார்கள். ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் அமைத்த உண்மையறியும் குழு 875 பேரை விரிவாக விசாரித்து, 2018 செப்டம்பரில் 444 பக்க அறிக்கையை வெளியிட்டது. குறைந்தது 392 கிராமங்கள் பகுதியாகவோ முழுவதுமாகவோ அழிக்கப்பட்டன, சுமார் 37,700 கட்டடங்கள் போயின, 10,000 பேர் இறந்திருப்பார்கள் என்பதே குறைத்துச் சொல்லும் கணக்கு என்றது அந்த அறிக்கை. தலைமைத் தளபதி மின் ஆங் லைங் உள்ளிட்ட உயரதிகாரிகளை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரித்து வழக்குத் தொடர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இதற்கு எதிராக ராணுவம் வைத்த முதல் பெரிய மறுப்பு 2017 நவம்பர் 13 அன்று வெளியானது. ராணுவமே தன்னை விசாரித்து எழுதிய அறிக்கை அது. அப்பாவிக் கிராமவாசிகளை யாரும் சுடவில்லை, பெண்களை யாரும் வன்கொடுமை செய்யவில்லை, வீடுகளை யாரும் கொளுத்தவில்லை, இறந்த 376 பேரும் பயங்கரவாதிகள் என்று அது சொன்னது. இரண்டு மாதம்கூட அந்த மறுப்பு நிற்கவில்லை. 2018 ஜனவரி 10 அன்று, இன் டின் கிராமத்தில் பிடித்து வைத்திருந்த பத்து ரோஹிங்கியா ஆண்களைத் தன் வீரர்களும் உள்ளூர் பௌத்தர்களும் சேர்ந்து கொன்றதை அதே ராணுவம் ஒப்புக்கொண்டது.

இன் டின்னை உங்கள் செய்தி மேசையில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். சாட்சியம், படம், புதைகுழி, ஒப்புதல் நான்கும் ஒரே இடத்தில் கிடைத்த நிகழ்வு அது. செப்டம்பர் 1 மாலை அந்தப் பத்து பேரும் வரிசையாக மண்டியிட்டிருக்கும் படம் இருக்கிறது. மறுநாள் காலை எடுத்த படமும், ஒரே குழியில் உடல்கள் கிடக்கும் படமும் இருக்கின்றன. அவற்றைச் செய்தியாளர்களிடம் கொடுத்தவர் அந்த ஊரின் பௌத்த முதியவர் ஒருவர். கொல்லப்பட்டவர்களில் மீனவர்கள், கடைக்காரர்கள், ஒரு மதக் கல்வி ஆசிரியர், இரண்டு பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். இருவரைக் கிராமவாசிகள் வெட்டினார்கள், மற்றவர்களைப் படையினர் சுட்டார்கள். ஒப்புக்கொண்டபோதும் ராணுவம் ஒரு பொய்யைச் சேர்த்தது: தாக்க வந்த 200 பயங்கரவாதிகளில் இவர்களும் அடக்கம் என்றது. அப்படி ஒரு பெருங்கூட்டம் தாக்க வந்ததாக அந்த ஊரின் பௌத்தர்களே சொல்லவில்லை.

இந்தக் கொலையைத் துப்பறிந்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் 2017 டிசம்பர் 12 அன்று கைதாகி, அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் ஏழாண்டு தண்டனை பெற்று, 2019 மே 7 அன்றுதான் வெளியே வந்தார்கள். கொலைக்காக 2018 ஏப்ரலில் பத்தாண்டு கடுங்காவல் விதிக்கப்பட்ட ஏழு படையினர் அதே ஆண்டு நவம்பரில் விடுவிக்கப்பட்டார்கள். கொன்றவர்கள் சிறையில் இருந்த நாட்களைவிட, கொன்றதைக் கண்டுபிடித்தவர்கள் இருந்த நாட்கள் அதிகம். உங்கள் தொழிலைச் செய்தவர்கள் அவர்கள். ‘ராணுவம் மறுத்தது’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு பெயர்களையும் ஒரு கணம் நினைக்கச் சொல்கிறோம்.

அடுத்து நெருப்பு. “தங்கள் வீடுகளைத் தாங்களே கொளுத்திக்கொண்டார்கள்” என்பதுதான் தமிழில் அதிகம் பகிரப்படும் மறுப்பு. அதற்கு ஆதாரமாக 2017 செப்டம்பர் தொடக்கத்தில் சில படங்கள் வந்தன. தலையில் துணி போர்த்திய பெண்ணும் சில ஆண்களும் கூரைக்குத் தீ வைக்கும் காட்சி. அரசு ஏற்பாடு செய்த பயணத்தில் மவுங்டோவுக்குச் சென்ற செய்தியாளர்களிடம் அவை காட்டப்பட்டன. அரசின் செய்தித் தொடர்பாளரும் அவற்றைப் பகிர்ந்தார். படத்தில் இருந்த ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் செய்தியாளர்கள் அடையாளம் கண்டுவிட்டார்கள். அதே பயணத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமில் அவர்கள் பார்த்துப் பேசிய, இடம்பெயர்ந்த இந்துக்கள் அந்த இருவரும். பயணம் முடிவதற்குள் இன்னொன்றும் நடந்தது. செப்டம்பர் 7 அன்று கவ்து ஸாரா என்ற ரோஹிங்கியா ஊர் எரிந்துகொண்டிருப்பதைச் செய்தியாளர்கள் தற்செயலாகக் கண்டு வண்டியை விட்டு இறங்கி ஓடினார்கள். அங்கிருந்து கத்தியும் கவணும் ஏந்தி வெளியே வந்த இளைஞர்கள் தாங்கள் ராக்கைன் பௌத்தர்கள் என்றார்கள். போலீஸ் உதவியோடு தீ வைத்ததாக அவர்களில் ஒருவர் சொன்னார். பிபிசி செய்தியாளர் ஜோனதன் ஹெட் அந்த இடத்தில் இருந்து அதைப் பதிவு செய்தார்.

ஒரு ஊரின் கதை போதாது என்பீர்கள். சரி, செயற்கைக்கோளிடம் போவோம். ஆகஸ்ட், செப்டம்பர் அங்கே கடும் பருவமழைக் காலம். மேகம் மறைப்பதால் சாதாரண ஒளிப்படச் செயற்கைக்கோளுக்குத் தினமும் தரை தெரியாது. அதனால் ஒரு கிராமம் எரிந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. கடைசியாக முழுதாகத் தெரிந்த படத்துக்கும் முதலில் கருகித் தெரிந்த படத்துக்கும் இடைப்பட்ட காலம் என்றுதான் சொல்ல முடியும். வெப்பத்தை உணரும் செயற்கைக்கோள் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த இடைவெளி குறுகும். இந்த வரம்பு தெரியாமல் ‘தேதி முரண்படுகிறது’ என்று மறுப்பாளர்கள் கிளப்பும் சந்தேகத்தை அப்படியே செய்தியாக்க வேண்டாம். எரிந்த நாளில்தான் ஐயம் இருக்கலாம். எரிந்ததில் ஐயம் இல்லை.

படங்களில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறோம். ஒன்று, எல்லை. ரோஹிங்கியா குடியிருப்பு சாம்பலாகவும், அதை ஒட்டிய ராக்கைன் பௌத்தக் குடியிருப்பு கூரையோடு முழுதாகவும் நிற்கும். இன் டின் படமே இதற்குச் சாட்சி. மழையில் நனைந்த ஊரில் தற்செயலாகப் பற்றிய நெருப்பு மதம் பார்த்து நிற்காது. இரண்டு, காலம். செப்டம்பர் 5க்குப் பிறகு எந்த நடவடிக்கையும் இல்லை என்று அப்போது மியான்மர் அரசை வழிநடத்திய ஆங் சான் சூகி செப்டம்பர் 19 உரையில் சொன்னார். அந்தத் தேதிக்குப் பின் குறைந்தது 66 கிராமங்கள் எரிந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு காட்டியது. அக்டோபர், நவம்பரில் மேலும் 40 கிராமங்களில் எரிந்த தடம் தெரிந்தது. அகதிகளைத் திரும்ப அழைக்கும் ஒப்பந்தம் நவம்பர் 23 அன்று கையெழுத்தான அதே வாரத்திலும் கட்டடங்கள் எரிந்தன. வீட்டுக்காரர்கள் எல்லையான நாஃப் ஆற்றுக்கு அக்கரையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறார்கள், இக்கரையில் வீடு எரிகிறது. அப்படியானால் தீ வைத்தது யார்?

மூன்றாவது, புல்டோசர். 2017 இறுதியிலிருந்து 2018 பிப்ரவரிக்குள் குறைந்தது 55 கிராமங்கள் மரமும் செடியும்கூட மிஞ்சாமல் மட்டமாக்கப்பட்டன. அவற்றில் குறைந்தது இரண்டு, தீயே படாமல் நின்ற ஊர்கள். அகதிகளை மீள்குடியேற்றத் தயார் செய்கிறோம் என்று அரசு விளக்கியது. நடைமுறையில் அது தடயம் அழிந்த நிலம். புதைகுழி தோண்ட வேண்டிய இடத்தில் அடையாளத்துக்குரிய மரம், கிணறு, வேலி எதுவும் இல்லையென்றால், “மசூதிக்குப் பின்னால், குளத்துக்கு மேற்கே” என்று சாட்சி சொல்லும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு ‘உடல்கள் எங்கே’ என்று கேட்பது எளிதாகிவிடும்.

அந்தக் கேள்வி எண்ணிக்கைக்கு இட்டுச்செல்கிறது. உடல்களை எண்ணாமல், முதல் மாதத்தில் வன்முறையால் 6,700 பேர் இறந்தார்கள் என்று எப்படிச் சொன்னார்கள் என்று கேட்கும் வாசகருக்குப் பதில் சொல்ல உங்களால் முடிய வேண்டும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2017 நவம்பர் முதல் இரண்டு வாரங்களில் காக்ஸ் பஜார் முகாம்களில் ஆறு கணக்கெடுப்புகள் நடத்தியது. 2,434 குடும்பங்கள், 11,426 பேர். ஒவ்வொரு குடும்பத்திலும் யார் யார் இருந்தார்கள், யார் இறந்தார்கள், எப்போது, எதனால் என்று கேட்கப்பட்டது. ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 24 வரையான காலத்தில் இந்த மக்களில் 2.26 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். மாதிரிக் கணக்கெடுப்பில் எப்போதும் ஒரு வீச்சு உண்டு. இங்கே அது 1.87 முதல் 2.73 விழுக்காடு வரை. கணக்கெடுப்பு பிரதிநிதித்துவம் செய்த, ஆகஸ்ட் 25க்குப் பின் வந்த 5,03,698 பேருக்கு இதைப் பொருத்தினால் 9,425 முதல் 13,759 வரை இறப்புகள். அதில் வன்முறையால் இறந்தவர்கள் 71.7 விழுக்காடு. மிகக் குறைந்த முனையான 9,425ஐ எடுத்துக்கொண்டால்கூட 6,700க்கு மேல் வருகிறது. அதாவது செய்திகளில் வரும் 6,700 என்பது நடு மதிப்பு கிடையாது, அடிமட்ட மதிப்பு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் அதில் குறைந்தது 730 பேர்.

வன்முறையால் இறந்தவர்களில் 69 விழுக்காட்டினர் துப்பாக்கிச் சூட்டிலும், 9 விழுக்காட்டினர் வீட்டோடு எரிந்தும், 5 விழுக்காட்டினர் அடித்தும் கொல்லப்பட்டார்கள்.

இந்த முறையில் என்ன தவறு நேரலாம்? மறுப்பாளர்கள் சொல்லும் தவறு, அகதிகள் மிகைப்படுத்துவார்கள் என்பது. அந்த ஐயம் நியாயமானதுதான். அதற்காகத்தான் குடும்ப உறுப்பினரின் பட்டியலை முதலில் எழுதி, பிறகு ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். மாறாக, எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு பெரிய பிழையை அவர்கள் பேசுவதே இல்லை. மொத்தக் குடும்பமும் கொல்லப்பட்டிருந்தால் முகாமில் பதில் சொல்ல யாரும் இல்லை. அந்தக் குடும்பம் கணக்கிலேயே வராது. 2017 ஆகஸ்ட் 30 அன்று துலா தோலியில் ஆற்றின் வளைவில் மக்களை மடக்கி ஆண்களைச் சுட்டார்கள், பிறகு பெண்களையும் குழந்தைகளையும் வீடுகளுக்குள் கொண்டுபோனார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். அத்தகைய ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் சிலரே. ஆகவே எண்ணை அச்சிடும்போது ‘குறைந்தது’ என்ற சொல்லை வெட்டிவிடாதீர்கள். இடம் மிச்சப்படுத்த வேறு எதையாவது வெட்டுங்கள்.

‘எல்லாம் அகதிகள் வாய்மொழி, நேரில் யாரும் பார்க்கவில்லை’ என்பது இதோடு சேர்ந்தே வரும். நேரில் பார்க்க விடாதவர் யார்? ஐ.நா. குழுவை மியான்மர் ஒரு நாள்கூட உள்ளே அனுமதிக்கவில்லை. 2018 ஜூலையில் அரசே அமைத்து, 2020 ஜனவரி 20 அன்று இனப்படுகொலை நோக்கம் இல்லை என்று முடிவு சொன்ன ஆணையம், காக்ஸ் பஜாருக்குப் போய் ஒரு அகதியைக்கூட விசாரிக்கவில்லை. சர்வதேச நீதிமன்றம் தன் இடைக்கால ஆணையை அறிவிக்க மூன்று நாள் இருக்கும்போது வந்த முடிவு அது. வாய்மொழியைச் சோதிக்க வழியிருக்கிறது: ஒரே ஊர்க்காரர்களை வெவ்வேறு முகாம்களில் தனித்தனியே கேட்பது, அவர்கள் சொல்லும் நேரத்தையும் திசையையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுவது, காயத்தின் தன்மையை மருத்துவரிடம் கேட்பது. இந்த ஒப்பீடுகளில் தேறியவற்றைத்தான் ஐ.நா. குழு அறிக்கையில் சேர்த்தது. பின்னர் 2020இல் இரண்டு படைவீரர்கள் கண்ணில் படுவோரை எல்லாம் சுட உத்தரவு இருந்ததாகக் கூறும் காணொளிகள் வந்தன. அவர்கள் அப்போது அரக்கான் ஆர்மி என்ற எதிர்த்தரப்பின் பிடியில் இருந்தவர்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் அந்தக் காணொளியை வெளியிடக் கூடாது. வெளியிடுவதாயிருந்தால், அதில் சொல்லப்பட்ட ஊர்ப் பெயர்கள் முந்தைய சாட்சியங்களோடு பொருந்துகின்றனவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் மியான்மர் ராணுவத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு 117 பக்கப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. ரோஹிங்கியாக்கள் வந்தேறிகள், கொலைகாரர்கள் என்று நிறுவுவதே அதன் நோக்கம். அதில் வரலாற்றுப் படங்கள் என்று தரப்பட்ட எட்டில் மூன்று போலி என்று ராய்ட்டர்ஸ் காட்டியது. 1940களில் வங்காளிகள் பௌத்தர்களைக் கொன்றதாகக் குறிப்பிட்ட படம், 1971 போரின்போது டாக்காவில் எடுத்தது. ஆங்கிலேயர் காலத்தில் கூட்டங்கூட்டமாக நுழைந்தவர்கள் என்ற படம், 1996இல் தான்சானியாவில் எடுத்த ருவாண்டா அகதிகளின் படம். வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பழசுபோல் காட்டியிருந்தார்கள். படகில் மியான்மருக்குள் வருகிறார்கள் என்ற படத்தில் இருந்தவர்கள், 2015இல் அந்த நாட்டைவிட்டுப் போகும்போது பிடிபட்டவர்கள். அதை இடவலமாகப் புரட்டி மங்கலாக்கியிருந்தார்கள். செப்டம்பர் 3 அன்று ராணுவம் இரண்டு படங்களுக்கு மன்னிப்புக் கேட்டது. புரட்டிப்போட்ட படம், நிறம் நீக்கிய படம் இரண்டும் சாதாரணப் படத்தேடலில் தப்பக்கூடியவை. எனவே தேடும்போது படத்தை இடவலமாகத் திருப்பியும் ஒருமுறை தேடுங்கள். உடை, படகின் கட்டு, மரவகை இவற்றையும் பாருங்கள்.

இதே கண்டிப்பு அகதிகளுக்கு ஆதரவாக வரும் படங்களுக்கும் வேண்டும். 2012இல் முஸ்லிம் பிணங்களுக்கு நடுவே பிக்குகள் என்று பரவிய படம், 2010இல் திபெத்தியப் பகுதியான யூஷுவில் நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் படம். 2017 ஆகஸ்ட் இறுதியில் துருக்கியின் துணைப் பிரதமர் பகிர்ந்த படங்கள் ராக்கைனைச் சேர்ந்தவை அல்ல. அவர் நீக்கினார். ஆனால் ஒரு வாரத்துக்குள் அந்த ஒரு பிழையைக் காட்டியே, நடப்பதாகச் சொல்லப்படுவது பெருமளவு பொய்த் தகவல் என்று சூகி பேசினார். நல்லெண்ணத்தில் போட்ட ஒரு தவறான படம், நூறு உண்மையான சாட்சியங்களைச் சந்தேகத்துக்குள்ளாக்கிவிட்டது. கோப்புப் படம் என்றால் ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள்.

பாலியல் வன்கொடுமையை மறுத்த விதத்தை நாங்கள் விரிவாகத் திரும்ப எழுத விரும்பவில்லை. 2016 டிசம்பரில் சூகியின் அலுவலகமே ‘போலி வன்கொடுமை’ என்ற பட்டையோடு பதிவிட்டது. ஐ.நா. குழுவோ கூட்டு வன்கொடுமை பல ஊர்களில் ஒரே விதமாக நடந்ததை நிறுவி, 2019இல் அதற்கெனத் தனி அறிக்கையே தந்தது. உங்களிடம் வேண்டுவது: உயிர்பிழைத்த பெண்ணின் முகம், பெயர், ஊர், முகாமின் பகுதி எண் எதுவும் வேண்டாம். ஊர் பெயரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் இருந்தாலே அந்த முகாமில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் அவர் நீதிமன்றத்தில் பேச மாட்டார்.

மவுங்டோ வட்டத்தின் கா மாங் சேக் பகுதி இந்துக்கள் கொல்லப்பட்டதை மறைக்கவும் கூடாது. 2017 ஆகஸ்ட் 25 அன்று அர்சா உறுப்பினர்கள் அங்கே 53 இந்துக்களைக் கொன்றதாகவும், பக்கத்து ஊரின் 46 பேரும் கொல்லப்பட்டிருக்கலாம் என்றும் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி 2018 மே மாதம் அறிக்கை தந்தது. 45 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அர்சா இதை மறுத்தது. அந்த மறுப்பையும் நாங்கள் மேலே கேட்ட அதே முறையில்தான் நடத்த வேண்டும். ஆனால் இந்தக் கொலைகளை எடுத்து 392 கிராமங்களுக்கு எதிரே தட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பது வேறு காரியம். அதே அம்னெஸ்டிதான் ராணுவத்தின் குற்றங்களையும் ஆவணப்படுத்தியது. ஒன்றை நம்பி மற்றதை ஒதுக்குபவரிடம் ஏன் என்று கேளுங்கள். கொல்லப்பட்ட இந்துக்களுக்கும் அது நியாயம் செய்யாது.

‘அவர்கள் வந்தேறிகள்’ என்ற பேச்சுக்கு ஒரு பத்தி போதும். 1799இலேயே ஸ்காட்லாந்து மருத்துவரான பிரான்சிஸ் புக்கானன் அரக்கானில் (இன்றைய ராக்கைன்) நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்கள் தங்களை ‘ரூயிங்கா’ என்று அழைத்துக்கொள்வதை எழுதி வைத்தார். 1960களின் தொடக்கத்தில் பர்மிய அரசு வானொலி ரோஹிங்கியா மொழியில் ஒலிபரப்பியது. அவர்கள் நாடாளுமன்றத்திலும் இருந்தார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன் குடியேறிய இனங்கள் என்ற வரையறையை வைத்தது. அரசு ஏற்கும் 135 இனங்களின் பட்டியலில் அவர்கள் இல்லை. தமிழர்களும் அதில் இல்லை. 1960களில் ரங்கூனிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன, ஒரு காகிதத்தில் பெயர் இல்லாமல் போவது என்ன செய்யும் என்று அவர்களிடம் கேட்டாலே தெரியும். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரோஹிங்கியா என்று சொன்னவர்களை எண்ணவே மறுத்ததால் சுமார் 10,90,000 பேர் விடுபட்டார்கள். 2015 மார்ச் 31 அன்று அவர்களிடம் இருந்த வெள்ளை அட்டைகள் என்ற தற்காலிக அடையாள அட்டைகளும் செல்லாதவையாயின. சரி, குடியேற்றம் பற்றி ஒருவர் என்ன கருத்து வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். இன் டின் குழியில் கிடந்தவர்களைப் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது. பேட்டியில் யாராவது அப்படித் திசைதிருப்பினால், முதல் கேள்வியை மறுபடி கேளுங்கள்.

இந்த மறுப்புகள் தானாக ஊறி வந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். மியான்மரில் ஃபேஸ்புக் வழியாக இவற்றைப் பரப்ப ராணுவத்தினர் 700 பேர் வரை, நடிகர், பாடகர் பெயரிலான ரசிகர் பக்கங்களை நடத்திக்கொண்டு, முறைவைத்து வேலை செய்ததை நியூயார்க் டைம்ஸ் 2018 அக்டோபரில் வெளிப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று ஃபேஸ்புக் 18 கணக்குகளையும் 52 பக்கங்களையும் நீக்கியது. மின் ஆங் லைங்கின் பக்கமும் அதில் போனது. மொத்தம் ஏறக்குறைய 1.2 கோடிப் பேர் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே எழுதப்பட்ட வரிகள்தான் மொழி மாறி மாறி இன்று தமிழ் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகின்றன. வாசகர் அனுப்பும் ‘உண்மை என்ன’ என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது பொய்யைத் தலைப்பில் வைக்காதீர்கள். தலைப்பை மட்டும் படிப்பவருக்குப் பொய்தான் போய்ச்சேரும்.

நீதிமன்றச் செய்திகளில் ஒரு எச்சரிக்கை. 2019 நவம்பரில் காம்பியா என்ற ஆப்பிரிக்க நாடு சர்வதேச நீதிமன்றத்தில் மியான்மர் மீது தொடுத்த இனப்படுகொலை வழக்கில் 2020 ஜனவரி 23 அன்று வந்தது இடைக்கால ஆணை. ரோஹிங்கியாக்களைக் காக்கவும் சான்றுகளை அழியாமல் வைக்கவும் அது உத்தரவிட்டது. நீதிபதிகள் அனைவரும், மியான்மர் நியமித்த நீதிபதியும் உட்பட, ஒருமனதாகத் தந்த ஆணை அது. 2022 ஜூலை 22 அன்று மியான்மரின் தொடக்க ஆட்சேபங்கள் தள்ளுபடியாயின. இவற்றை ‘இனப்படுகொலை என்று தீர்ப்பு’ என்று எழுதினால் அதுவும் பிழை. அந்தப் பிழையை மறுப்பாளர்கள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். யார், எந்த நிலையில், எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்று எழுதுங்கள்.

மறுப்பு இப்போது கைமாறவும் செய்கிறது. 2024 ஆகஸ்ட் 5 அன்று மவுங்டோவிலிருந்து தப்பி நாஃப் ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருந்த ரோஹிங்கியாக்கள் மீது ட்ரோன் தாக்குதல் நடந்து ஏராளமானோர் இறந்தார்கள். உயிர்தப்பியவர்கள் அரக்கான் ஆர்மியைக் குற்றம் சாட்டினார்கள், அது மறுத்தது. ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அமைப்பு என்பதால் அதன் மறுப்பு தமிழில் சற்று மென்மையாகக் கையாளப்படுவதைக் காண்கிறோம். ராணுவத்துக்கு வைத்த அளவுகோலை இங்கேயும் வையுங்கள்.

கடைசியாக, எழுதும் முறை. மறுப்புக்கு ஒரு வாக்கியம் இடம் இருந்தால், சோதனைக்கும் ஒரு வாக்கியம் இடம் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று தருகிறோம், விரும்பினால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “பொதுமக்கள் யாரையும் சுடவில்லை என்று மியான்மர் ராணுவம் 2017 நவம்பர் 13 அன்று கூறியது, இன் டின் கிராமத்தில் பிடித்து வைத்திருந்த பத்து பேரைத் தன் வீரர்கள் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து கொன்றதை அதே ராணுவம் 2018 ஜனவரி 10 அன்று ஒப்புக்கொண்டது.” இது பழைய செய்திகளுக்கும் பொருந்தும். இணையத்தில் உங்கள் 2017, 2018 செய்திகள் இன்னும் தேடலில் வருகின்றன. நவம்பர் 13 அறிக்கையை மட்டும் சொல்லி நின்றுவிட்ட செய்தி எதுவும் உங்கள் தளத்தில் இருந்தால், அதன் கீழே தேதியிட்டு இந்த வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மியான்மர் விசாரணை ஆவணங்களைத் தொடர்ந்து படித்துவரும் தமிழ் வாசகர்கள் சிலர்